வேர் நிற்கட்டும், பழம் போகட்டும்: வக்ஃப் நிலத்தில் விவசாயம் எப்படி நடக்கிறது?

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தால், வக்ஃப் பற்றி, அதாவது தர்மத்துக்காக எழுதிவைத்த சொத்து பற்றி, ஒரு பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. போன மாதம் பக்கத்தில் இருந்த ஒரு தம்பி கேட்டார்: “வக்ஃப் நிலம்னா யாருமே தொடக்கூடாதுல்ல நானா? அப்புறம் எப்படி அதுல நெல்லு போடுறாங்க?” நான் வாய் திறப்பதற்குள் எதிர் பெஞ்சில் இருந்தவர் முந்திக்கொண்டார்: “அதெல்லாம் வக்ஃப் வாரியத்தோட நிலம். வாரியம் நெனச்சா யாருக்கு வேணும்னாலும் கொடுக்கும்.”

இரண்டுமே தவறு. ஆனால் இந்த இரண்டு நினைப்பும் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது, முஸ்லிம்களிடமும்தான். எங்கள் ஜமாஅத்தில் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், எனக்குப் புரிந்த வரையில் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சட்ட நுணுக்கங்களுக்குள் போகப் போவதில்லை. ஒரு வயல் எப்படி வக்ஃப் ஆகிறது, அதில் விளைவது யாருக்குப் போகிறது, எங்கே தடைபடுகிறது என்பது வரை பார்ப்போம்.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் இது. கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, ஏற்ற விரும்புகிறவர் ஆடுகளைக் கொடுப்பார். ஒரு விளக்குக்குப் பல ஊர்க் கல்வெட்டுகளில் 90 ஆடு, தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு. ஓர் இடையர் அந்த மந்தையை வாங்கிக்கொண்டு தினமும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும்.

ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும்தான். ஆனால் குட்டிகள் பிறக்கும். செத்த ஆட்டின் இடத்தில் குட்டி வளர்ந்து நிற்கும். எண்ணிக்கை குறையக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம். அதனால் கணக்கில் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. குட்டிகள் மிஞ்சினால் இடையருக்கு லாபம், விளக்குக்கு நெய், கொடுத்தவருக்குப் புண்ணியம். மந்தையை மட்டும் யாரும் விற்றுத் தின்ன முடியாது.

வக்ஃப் என்பதன் உயிர் இதுதான். கொடுக்கும் பொருள் நிற்கும், அதிலிருந்து வருவது ஓடிக்கொண்டே இருக்கும்.

கைபர் தோட்டம்

வக்ஃப் என்ற அரபுச் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘நிறுத்துதல்’. எதை நிறுத்துவது என்பதற்கு ஹதீஸ் நூல்களில், அதாவது நபிகளின் சொல்லையும் செயலையும் பதிவு செய்த நூல்களில், ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நபித்தோழர் உமர் அவர்களுக்கு அரேபியாவில் உள்ள கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்புள்ள சொத்து தனக்கு வாய்த்ததே இல்லை என்று நபிகளிடம் போய், இதை என்ன செய்யட்டும் என்று கேட்கிறார். விரும்பினால் அதன் மூலத்தை நிறுத்திவைத்துக்கொண்டு விளைச்சலைத் தர்மம் செய்யுங்கள் என்பது அவர் பெற்ற பதில்.

உமர் அப்படியே செய்தார். அந்த நிலத்தை விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுக்குப் போகக்கூடாது. வருமானம் ஏழைகளுக்கு, உறவினர்களுக்கு, அடிமைகளை விடுவிப்பதற்கு, வழிப்போக்கர்களுக்கு, விருந்தாளிகளுக்கு. நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் நியாயமான அளவில் அதிலிருந்து சாப்பிட்டுக்கொள்ளலாம், சேர்த்துவைத்துப் பணக்காரர் ஆகக்கூடாது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வக்ஃபுக்குச் சொல்லும் முதன்மையான முன்மாதிரிகளில் ஒன்று, பாருங்கள், ஒரு விவசாய நிலம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. கைபர் நிலங்களில் பாடுபட்டவர்கள் அந்த ஊர் யூத விவசாயிகள். விளைச்சலில் பாதி அவர்களுக்கு, பாதி நிலத்துக்கு உரியவர்களுக்கு என்று நபிகள் ஒப்பந்தம் செய்திருந்தார். டெல்டாவில் வக்ஃப் நிலத்தைத் தலைமுறையாக உழுகிற பலர் முஸ்லிம்கள் இல்லை என்பதை ஏதோ முறைகேடு போலப் பேசுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உழுகிறவரின் மதத்தை அந்த ஒப்பந்தம் கேட்கவில்லை, விளைச்சலின் பங்கைத்தான் பேசியது.

இங்கே மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். வக்ஃப் செய்கிறவர் வாகிஃப். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் முத்தவல்லி. எதற்காக, யாருக்காக என்று வாகிஃப் எழுதிவைத்த பத்திரம் வக்ஃப் சாசனம். நம் ஊர்களில் ‘வக்ஃப்நாமா’ என்பார்கள்.

ஜகாத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். ஜகாத் கடமையான ஏழை வரி, அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் முடிந்துவிடும். வக்ஃப் முடியாது. அதனால்தான் இதை ‘ஸதகா ஜாரியா’, ஓடிக்கொண்டிருக்கும் தர்மம், என்ற வகையில் சேர்க்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிலம் நிறுத்தப்பட்டிருக்கிறது, விளைச்சல் நிறுத்தப்படவில்லை. டீக்கடைத் தம்பி இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

வாரியம் சொந்தக்காரரா?

எதிர் பெஞ்சுக்காரருக்கு வருவோம். வக்ஃப் ஆன சொத்தின் உரிமை இறைவனுக்குப் போய்விட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வாகிஃபுக்கும் அது திரும்பி வராது. முத்தவல்லி நிர்வாகி மட்டும்தான். வாரியம் அதற்கும் மேலே மேற்பார்வை பார்க்கும் அமைப்பு. பதிவு, கணக்குத் தணிக்கை, குத்தகைக்கு அனுமதி, தவறு செய்யும் முத்தவல்லியை நீக்குவது எல்லாம் அதன் வேலை. நினைத்தவருக்கு நிலத்தைத் தூக்கிக் கொடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தில் 2013-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வக்ஃப் சொத்தை விற்பது, தானம் கொடுப்பது, அடகு வைப்பது எல்லாம் செல்லாது என்று எழுதப்பட்டிருக்கிறது.

கோயில் நிலத்தை நினைத்துக்கொண்டால் எளிது. நிலம் சுவாமி பேரில் இருக்கும். அறங்காவலர் பார்த்துக்கொள்வார். அறநிலையத் துறை மேலே இருந்து கண்காணிக்கும். அறநிலையத் துறையே நிலத்தின் சொந்தக்காரர் என்று நாம் சொல்வதில்லை. கோயில்களில் ‘கட்டளை’ என்று ஒன்று இருக்கிறதே, இன்ன நாளில் இன்ன நைவேத்தியத்துக்கு இந்த நிலத்தின் வருமானம் என்று, அது வக்ஃப் சாசனத்துக்கு மிக நெருங்கிய உறவு.

அடுத்து, ‘லட்சக்கணக்கான சொத்து’ என்ற பேச்சு. மத்திய அரசின் வக்ஃப் சொத்துப் பதிவேட்டில் நாடு முழுவதும் சுமார் 8.72 லட்சம் அசையாச் சொத்துகள் இருந்தன. அதில் சுமார் 1.5 லட்சம் மையவாடிகள், அதாவது அடக்கம் செய்யும் இடங்கள். சுமார் 1.19 லட்சம் பள்ளிவாசல்கள். விவசாய நிலம் என்று பதிவானவை சுமார் 1.4 லட்சம். மையவாடியும் பள்ளிவாசலும் நேரடிப் பயன்பாட்டு வக்ஃப். அதாவது சொத்தையே மக்கள் பயன்படுத்துகிறார்கள், அதிலிருந்து காசு வராது, வரவும் கூடாது. வயலும் தோப்பும் கடையும் வருமான வக்ஃப். சொத்தைப் பயன்படுத்திக் காசோ தானியமோ ஈட்டி, அதை நோக்கத்துக்குச் செலவு செய்வார்கள். விவசாயம் என்று நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையில் மட்டும். மையவாடியில் இடம் காலியாகக் கிடக்கிறதே, கத்திரி போடலாமே என்று யாராவது கிளம்பினால் அது கூடாது.

தமிழ்நாட்டில் வக்ஃப் வயல்கள் எப்படி வந்தன என்பதற்குப் பல வழிகள் உண்டு. வசதியானவர்கள் எழுதிவைத்தது ஒரு பக்கம். நவாபுகள் விட்ட மானியம் இன்னொரு பக்கம். நாகூர் தர்காவுக்கு விளைநிலங்களை மானியமாகக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா. அங்கே உயர்ந்து நிற்கும் பெரிய மினாரைக் கட்டிக்கொடுத்தவர் அவர் தந்தை பிரதாப சிங். இப்படி வந்த நிலங்கள் காவிரிப் பாசனத்தில் இருப்பதால்தான், எங்கள் பக்கத்தில் வக்ஃப் என்றாலே நெல் என்று ஆகிவிட்டது.

ஒரு வயலின் காசு எப்படி ஓடுகிறது

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இது எந்த ஊரின் கணக்கும் இல்லை.

ஒரு பள்ளிவாசலுக்கு 18 மா நஞ்சை இருக்கிறது. எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர், ஆக 6 ஏக்கர். சாசனத்தில் எழுதியிருப்பது: பள்ளிவாசல் பராமரிப்பு, ரமலான் மாதம் நோன்புக் கஞ்சி, மீதியில் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு. ஏக்கருக்கு 8 மூட்டை நெல் குத்தகை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 மூட்டை. மூட்டை 1,400 ரூபாய் என்றால் 67,200 ரூபாய்.

முதலில் எடுக்க வேண்டியது நிலத்துக்கான செலவு. வாய்க்கால் தூர்வாருவது, வரப்பு, வரி என்று 5,200 ரூபாய் போனால் நிகரம் 62,000. இதில் வாரியத்துக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். முன்பு நிகர வருமானத்தில் 7 சதவீதம், வக்ஃப் சட்டத்தின் 2025 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 5 சதவீதம். அப்படிப் பார்த்தால் 3,100 ரூபாய். மீதி 58,900. கஞ்சிக்கு, பள்ளிவாசல் வேலைக்கு, இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு, அப்புறம் அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் சேமிப்பு.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த முதல் செலவைத்தான். வாகிஃப் சாசனத்தில் எழுதாவிட்டாலும், வருமானத்திலிருந்து முதலில் சொத்தைச் செப்பனிட வேண்டும் என்பது, இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி பிரிவின் நூல்கள் சொல்லும் விதி. செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்த்தால்தானே மந்தை நிற்கும்? தூர்ந்த வாய்க்காலை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் பணத்தையும் கஞ்சிக்குச் செலவழிக்கும் ஜமாஅத், நல்ல மனசோடுதான் செய்கிறது. ஆனால் வேரை அறுத்துப் பழம் கொடுக்கிறது.

குத்தகை தேங்கும் இடம்

மாதிரிக் கணக்கு அழகாகத்தான் இருக்கும். நிஜத்தில் பல ஊர்களில் 67,200 வருவதில்லை.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு காலத்தில் குத்தகையை நெல்லிலிருந்து பணமாக மாற்றியிருப்பார்கள். ஏக்கருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அது நியாயமான தொகை. பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை. அந்த 6 ஏக்கருக்கு இன்றைக்கும் வருஷத்துக்கு 1,800 ரூபாய். இன்றைய விலையில் அது ஒன்றேகால் மூட்டை நெல். 48 மூட்டை வர வேண்டிய நிலத்திலிருந்து ஒன்றேகால் மூட்டை வருகிறது. யாரும் திருடவில்லை, யாரும் ஆக்கிரமிக்கவில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஓடும் தர்மம் நின்றுவிட்டது.

இதை நாடு முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள். 2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கை வக்ஃப் சொத்துகளின் சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் இருக்கும் என்று கணக்கிட்டது. ஆண்டு வருமானமோ 163 கோடி. பத்து சதவீத வருமானம் வந்திருந்தால்கூட 12,000 கோடி வந்திருக்கும் என்றது அந்த அறிக்கை. அந்த இடைவெளியில் எத்தனை மாணவர் விடுதிகள், எத்தனை மருத்துவமனைகள் போயிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, அப்படியானால் குத்தகைதாரரை வெளியேற்றிவிட வேண்டியதுதானா? அவசரப்பட்டு அப்படி முடிவெடுப்பது நியாயமில்லை. தமிழ்நாட்டில் சாகுபடிதாரர்களுக்கு 1955 முதலே பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட, மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் கால் வைத்தவரிடம் பேசாமல் முடிவெடுப்பது தர்மத்தின் பேரில் நடக்கும் அதர்மம்.

எங்கள் ஊரில் இப்படித்தான் ஒரு குத்தகை பல வருஷம் மாறாமல் கிடந்தது. முத்தவல்லியாக இருந்த என் பெரியத்தாவும் நானும் ஒரு நாள் காலையில் வயலுக்கே போனோம். குத்தகைதாரர் மோட்டார் கொட்டகைத் திண்ணையில் துண்டை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் குத்தகையை ஏற்றுவது பற்றி ஆரம்பித்ததும் அவர் கோபப்படவில்லை. “ஏத்திக்குங்க பாய். ஆனா போர் போட்டது எங்க அப்பா. மோட்டார் மூணு வாட்டி எரிஞ்சிபோச்சு, நான்தான் காயில் கட்டினேன். அதுல ஒத்தக் காசு பள்ளிவாசல் கொடுத்ததா உங்க நோட்டுல இருக்கா?” என்றார். பெரியத்தா பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். அவர் சொன்னது உண்மை. ஒரு வரி இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, குறைந்த குத்தகைக்கு இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது என்று. நிலத்துக்கு ஒன்றும் செய்யாத நிர்வாகம் விளைச்சலில் பங்கு கேட்க முடியாமல் கூச்சப்பட்டு நிற்கிறது. கடைசியில், மோட்டார், போர் செலவு பள்ளிவாசலுடையது, குத்தகை மறுபடியும் நெல் மூட்டைக் கணக்கில், வெள்ளத்தில் போனால் பங்கு குறையும் என்று பேசி முடித்தோம். விலை ஏறினால் வருமானமும் ஏறும், ஒவ்வொரு வருஷமும் சண்டை போட வேண்டியதில்லை.

சுருக்கமாக: வக்ஃப் நிலத்துக்கு ஆக்கிரமிப்பு ஓர் ஆபத்து என்றால், அசையாமல் கிடக்கும் குத்தகை அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து. குத்தகையை விளைச்சலோடு கட்டிவைத்தால் அது தானாக அசையும்.

மூன்று வருஷமும் தென்னங்கன்றும்

சட்டத்தில் ஓர் இடம் புதிதாகப் படிக்கிறவர்களைக் குழப்பும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, வணிகம் போன்றவற்றுக்கு வக்ஃப் இடத்தை மாநில அரசின் ஒப்புதலோடு 30 வருஷம் வரை குத்தகைக்கு விடலாம். விவசாய நிலத்தை மட்டும் மூன்று வருஷத்துக்கு மேல் விட முடியாது. மீறினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. ஓராண்டுக்கு மேல் என்றாலே வாரியத்தின் முன் அனுமதி வேண்டும்.

ஏன் இந்தக் கடுமை? நீண்ட குத்தகையில் போன வயல்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் யாருடையது என்றே தெரியாமல் போன அனுபவம் ஏராளம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கச் சொன்னால் குத்தகையும் புதுப்பிக்கப்படும், நிலமும் கண்ணில் இருக்கும். நெல்லுக்கும் உளுந்துக்கும் இது பொருந்தும்.

தோப்புக்குத்தான் இடிக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னைகளைப் பிடுங்கிப் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு தோப்பு விழுந்தால் மறுபடியும் கன்று வைக்க வேண்டும். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். மூன்று வருஷக் குத்தகைக்காரர் எதற்காகக் கன்று வைப்பார்? வைத்தவர் ஒருவர், காய் பறிப்பவர் இன்னொருவர் என்றால் யாரும் குழி தோண்ட மாட்டார்கள்.

அதனால் மரப்பயிர் இருக்கும் வக்ஃபில் கன்று வைப்பதும் காப்பாற்றுவதும் வக்ஃப் நிர்வாகத்தின் கையில்தான் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்து ஜமாஅத்தே கன்றை வளர்க்கலாம். காய்ப்புக்கு வந்த பிறகு காய் பறிக்கும் உரிமையைக் குறுகிய காலத்துக்கு ஏலம் விடலாம். கன்றுகளுக்கு இடையே உளுந்து, கடலை போட ஒருவருக்கு வாரத்துக்கு விடலாம். வாரம் என்றால் தொகையாக இல்லாமல் விளைச்சலில் பங்கு. இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. பயிர் நிலத்தில் பங்கு பேசினால் முஸாரஆ, மரத்தைப் பராமரித்துக் காயில் பங்கு பேசினால் முஸாகாத். கைபரில் நடந்ததும் இந்த வகைதான். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தக் காகிதத்தை வாரியத்தில் காட்டிவிட்டுச் செய்வது நல்லது.

ஊருக்கு என்ன கிடைக்க வேண்டும்

விளைச்சலை ஊர் முன்னேற்றமாக மாற்றுவது எப்படி? இதில் பழைய உதாரணம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெருசலேமில் 1552-இல் ஹுர்ரம் சுல்தான் ஒரு பெரிய அன்னசாலையை நிறுவினார். உஸ்மானியப் பேரரசர் சுலைமானின் மனைவி அவர். அடுப்பு நகரத்தில் எரிந்தது. ஆனால் கோதுமையும் பணமும் வந்தது பாலஸ்தீனத்தில் வக்ஃபாக எழுதிவைக்கப்பட்ட கிராமங்களின் விளைச்சலிலிருந்து. ஏழைகளுக்கும் யாத்ரீகர்களுக்கும் நூற்றாண்டுகள் தாண்டியும் அங்கே கஞ்சியும் ரொட்டியும் போனது.

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவில் உள்ள கோந்தோர் கல்விக்கூடத்தையும் சொல்ல வேண்டும். 1926-இல் தொடங்கியது. 1958-இல் அதை நிறுவிய மூன்று சகோதரர்கள் பள்ளிக்கூடத்தையே வக்ஃபாக எழுதி ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். தங்கள் வாரிசுகளுக்கு அதில் சொத்துரிமை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். வக்ஃப் வயல்கள், நெல் அரவை ஆலை, கடைகள் என்று அங்கே நிறுவனமே தன் வருமானத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நெல்லை அப்படியே விற்றுவிடாமல் அரைத்து, தன் மாணவர்களுக்கே சோறாகப் போடும்போது நடுவில் போகிற லாபமும் வக்ஃபுக்குள்ளேயே நிற்கிறது.

நம் ஊரில் இவ்வளவு பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிலத்து ஓரத்தில் ஒரு சிமெண்ட் களம் போட்டால் சுற்றியுள்ள எல்லாச் சாகுபடிக்காரர்களும் ரோட்டில் நெல் காய வைக்காமல் தப்பிப்பார்கள். வக்ஃப் குளத்தைத் தூர்வாரினால் பக்கத்து வயலுக்கும் நீர்மட்டம் ஏறும். வேரைச் செப்பனிடும் செலவும் ஊருக்கு உதவும் செலவும் இந்த மாதிரி இடங்களில் ஒன்றாகிவிடுகின்றன.

ஒரு வரம்பு உண்டு. வாகிஃப் விதித்த நிபந்தனை சட்டத்தின் வாசகத்துக்குச் சமம் என்பது பழைய விதி. சாசனத்தில் கஞ்சிக்கு என்று எழுதியிருந்தால், அந்தப் பணத்தைத் தூக்கித் திருமண மண்டபத்தில் போட ஜமாஅத்துக்கு உரிமை இல்லை, மண்டபம் எவ்வளவு தேவையாக இருந்தாலும். ‘ஏழைகளுக்கு’ என்று பொதுவாக எழுதியிருந்தால் வழி அகலம். அந்த ஏழை எந்த மதத்தவராகவும் இருக்கலாம் என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்ற நிலை. எனவே எதைச் செய்யலாம் என்ற விவாதத்தைத் தொடங்கும் முன் சாசனத்தை வாங்கி ஒரு முறை உரக்கப் படித்துவிடுங்கள். எங்கள் ஊரில் படித்தபோது ‘பள்ளியில் தங்கும் வழிப்போக்கருக்கு இரவுச் சாப்பாடு’ என்று ஒரு வரி இருந்தது. யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு நிலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தால், முதலில் சாசனத்தையோ வாரியப் பதிவேட்டின் நகலையோ தேடுங்கள். அப்புறம் பட்டாவும் சிட்டாவும். சர்வே எண் இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். உட்பிரிவு செய்தபோது எண் மாறி, பதிவேட்டில் பழையதே கிடப்பது நிறைய ஊர்களில் உண்டு. பட்டா தனிநபர் பேரில் மாறியிருந்தால் அதைக் காலம் தாழ்த்தாமல் வாரியத்துக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். முன்பு வக்ஃப் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. 2025 திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் முழுவதும் உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது, சில பிரிவுகளுக்கு 2025 செப்டம்பரில் இடைக்காலத் தடையும் கிடைத்தது. அதற்காகக் காத்திருக்காமல் காகிதத்தைச் சரி செய்வதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக அடங்கல். அந்த நிலத்தில் இப்போது யார், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. அதில் இருக்கும் பெயர்க்காரரைப் போய்ப் பாருங்கள். அலுவலகத்துக்கு அழைக்காதீர்கள், வயலுக்குப் போங்கள்.

எங்கள் ஊரில் இந்த வருஷம் குத்தகை நெல் முழுவதையும் விற்கவில்லை. ஆறு மூட்டையை அவித்து, காயவைத்து, நொய் தனியாக அரைத்து வாங்கி வைத்தோம். சாக்குகள் பள்ளிவாசல் சமையல் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. குத்தகைதாரரே டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். ரமலான் முதல் நாள் கஞ்சிக்கு அந்த நொய்தான். சாயங்காலம் தூக்குவாளியோடு வந்து நிற்கும் வரிசையில் அவர் பேரனும் நிற்பான்.